மலையைச் சாய்த்த நோய்

ஆறடி ஐந்து அங்குல உயரம். சுமார் 118 கிலோ எடை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு 100 மீட்டர் தூரத்தை 10.8 வினாடியில் ஓடுவார். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு அவர் வந்தால், எதிரே நிற்பவர்கள் சோளத்தட்டை போலச் சாய்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர், தம் 28-வது வயதில், நேராக நடக்க முடியாமல் தடுமாறினார்!

அவருக்கு நேர்ந்தது என்ன? மறுபடியும் அவரை எழுப்பி ஓடவிட்டவர் யார்?

அவர் பெயர் ஜோனா லோமு. நியூசிலாந்து தேசத்து ரக்பி வீரர். அவர் கதையைச் சொல்லும் முன், நம் ஆழ்வார்பேட்டையில் ஒரு பாட்டி கேட்ட கேள்வியைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டியின் கேள்வி

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 29-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆழ்வார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. மும்பையில் ரக்பி பிரிமியர் லீக் போட்டியின் இறுதி ஆட்டம். இந்தியாவில் இந்தப் போட்டி நடப்பது அதுதான் முதல் தடவை. ஆறு கோஷ்டிகள் மோதின. இறுதியில் நம் சென்னை புல்ஸ் கோஷ்டி, டெல்லி ரெட்ஸ் கோஷ்டியை 41-0 என்ற கணக்கில் தோற்கடித்துக் கோப்பையை வென்றது.

வீட்டுப் பையன் துள்ளிக் குதித்தான். பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தாள்.

"ஏண்டா ராஜா, இது கபடியா, புட்பாலா?"

"ரெண்டும் கலந்தது, பாட்டி!"

"பந்து கோழிமுட்டை மாதிரி இருக்கே?"

"அது அப்படித்தான் இருக்கும், பாட்டி."

பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் பையன் மேலே நாலு பேர் விழுந்து அமுக்கறாங்களே. கை கால் போச்சுன்னா, அவனுக்கு யாரு சோறு போடுவா?"

பையன் என்னைப் பார்த்தான். எனக்கும் உடனே பதில் வரவில்லை. ஆனால் ஜோனா லோமுவின் நினைவு வந்தது.

முட்டைப் பந்து

ரக்பி ஆட்டம் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதது. ஆகவே அதைப்பற்றி இரண்டு வார்த்தை.

ஒரு பக்கத்துக்கு 15 பேர். 80 நிமிட ஆட்டம். (மும்பையில் நடந்தது ஏழு பேர் ஆடும் குறுகிய ஆட்டம்.) பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். காலால் உதைக்கலாம். ஆனால் கையால் வீசுவதானால் பின்பக்கமாகத்தான் வீசவேண்டும், முன்னால் வீசக்கூடாது. எதிராளிகள், பந்து வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார்கள். அவர்களை மீறி எல்லைக் கோட்டைத் தாண்டி, பந்தைத் தரையில் அழுத்திவிட்டால், அதற்கு "டிரை" என்று பெயர். ஒரு டிரைக்கு ஐந்து புள்ளி.

கபடியில் பாடிப்போகிறவன் கோட்டைத் தொடத் துடிப்பதும், மற்றவர்கள் அவன் காலைப் பிடித்து இழுப்பதும் நமக்குத் தெரியும். அதை ஒரு பெரிய மைதானத்தில், பந்தோடு, ஓட்டத்தோடு நினைத்துப் பாருங்கள். அதுதான் ரக்பி!

இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிறந்த ஆட்டம் இது. வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் இதையும் கொண்டுபோனார்கள். கல்கத்தாவில் அவர்கள் வைத்திருந்த ஒரு கிளப் 1878-ல் கலைந்தது. பாங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாகவே வாங்கி, அதை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். அதன் மூன்று கைப்பிடிகளும் நாகப்பாம்புகள். மூடியின் மேல் ஒரு யானை. கல்கத்தா கோப்பை என்று அதற்குப் பெயர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது நம் நாட்டு வெள்ளி ரூபாயில் செய்த அந்தக் கோப்பைக்காகத்தான்!

காசு வாங்கினால் குற்றம்

இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. ஆடுவதற்குக் காசு வாங்கக்கூடாது!

பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சரி. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்யும் தொழிலாளிக்கு? சனிக்கிழமை ஆடப்போனால் அன்றைய கூலி போய்விடும். "அந்தக் கூலியையாவது கொடுங்கள்" என்று வட இங்கிலாந்துக் கிளப்புகள் கேட்டன. "முடியாது" என்றார்கள் பெரியவர்கள். 1895-ல் அந்தக் கிளப்புகள் பிரிந்துபோய்த் தனி ஆட்டமே உண்டாக்கிக்கொண்டன. ரக்பி லீக் என்று அதற்குப் பெயர். பழைய ஆட்டம் ரக்பி யூனியன்.

யூனியன் வீரர்கள் பகலில் வேறு வேலை செய்து பிழைத்தார்கள். நம் சென்னையிலும் அந்த நாளில் அப்படித்தானே? கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் புகழ்பெற்ற எம். ஜே. கோபாலன், பர்மா ஷெல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடினார்.

இந்தச் சட்டம் சரியாக நூறு ஆண்டுகள் நின்றது. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி பாரிஸ் நகரில் கூடிய சர்வதேச ரக்பி சபை, "இனிமேல் வீரர்கள் சம்பளம் வாங்கலாம்" என்று அறிவித்தது.

அந்த முடிவுக்கு இரண்டு மாதம் முன்பு, உலகமே ஒரு 20 வயது வாலிபனைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றது. அந்த வாலிபன்தான் லோமு!

ஏழை வீட்டுப் பிள்ளை

பசிபிக் கடலில் டோங்கா என்று ஒரு தீவு நாடு இருக்கிறது. அங்கிருந்து பிழைப்புத் தேடி நியூசிலாந்துக்கு வந்த குடும்பம் லோமுவின் குடும்பம். 1975-ம் ஆண்டு மே 12-ந் தேதி அவர் பிறந்தார். சின்னஞ்சிறு வயதில் சில ஆண்டுகள் டோங்காவில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். பிறகு ஆக்லாந்து நகரின் தென்பகுதிக்குத் திரும்பினார்.

அது ஏழைகள் வாழ்ந்த பேட்டை. ரவுடிக் கும்பல்கள் அங்கே அதிகம். பையனும் அந்த வழியில் போய்விடுவானோ என்று தாய் பயந்தாள். வெஸ்லி காலேஜ் என்ற விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அந்த முடிவு பிள்ளையின் தலையெழுத்தையே மாற்றியது. பள்ளியில் ஓட்டப்பந்தயமா? முதல் பரிசு லோமுவுக்கு. ரக்பியா? லோமு இருக்கும் பக்கம் வெற்றி!

1994-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி, பிரான்சுக்கு எதிராக நியூசிலாந்து கோஷ்டியில் இடம் பெற்றார். அப்போது அவர் வயது 19 ஆண்டு, 45 நாள். நியூசிலாந்துக்காக அவ்வளவு சிறு வயதில் டெஸ்ட் ஆடியவர் வேறு யாரும் இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் தோல்வி. அடுத்த ஆட்டத்திலும் தோல்வி. "பையனுக்கு இன்னும் பக்குவம் போதாது" என்று ஒதுக்கி வைத்தார்கள்.

ஒரே நாளில் உலகப் புகழ்

1995-ல் தென் ஆப்பிரிக்காவில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. லோமு கடைசி நேரத்தில்தான் கோஷ்டியில் சேர்க்கப்பட்டார். ஜூன் 18-ந் தேதி, கேப்டவுனில் அரை இறுதி ஆட்டம். எதிரி இங்கிலாந்து.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். லோமுவிடம் பந்து வந்தது. முதலில் டோனி அண்டர்வுட் குறுக்கே வந்தார். லோமு அவரைக் கடந்து ஓடினார். இங்கிலாந்து கேப்டன் வில் கார்லிங் பின்னாலிருந்து பாய்ந்து காலைத் தட்டினார். லோமு தடுமாறினார், ஆனால் விழவில்லை. கடைசியாக எதிரே நின்றவர் மைக் கேட். அவரைச் சுற்றிப் போக லோமுவுக்கு அவகாசம் இல்லை. நேராக அவர் மேலேயே மிதித்துக்கொண்டு போய், எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தார்!

அன்று மட்டும் நான்கு டிரை. 45-29 என்று நியூசிலாந்து வென்றது. அடுத்த நாள் காலையில், ரக்பி என்றால் என்னவென்றே தெரியாத தேசங்களில்கூட லோமுவின் பெயர் பத்திரிகைகளில் வந்தது.

ஜூன் 24-ந் தேதி இறுதி ஆட்டம். தென் ஆப்பிரிக்க ஜனாதிபதி நெல்சன் மண்டேலா, தம் நாட்டு வீரர்களின் பச்சைச் சட்டையை அணிந்து மைதானத்துக்கு வந்தார். தென் ஆப்பிரிக்கர்கள் லோமுவை இருவர் மூவராகச் சேர்ந்து மடக்கினார்கள். ஒரு டிரைகூட அவரால் எடுக்க முடியவில்லை. 15-12 என்று தென் ஆப்பிரிக்கா வென்றது.

கோப்பை போனாலும், லோமுவின் புகழ் போகவில்லை. அவரைப் பார்க்கக் கூட்டம் வந்தது. கூட்டம் வந்த இடத்துக்கு டெலிவிஷன் கம்பெனிகளும் வந்தன. கோடிக்கணக்கில் பணம் கைமாறியது. நூறாண்டுச் சட்டம் ஆகஸ்டில் உடைந்ததற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். சம்பளம் வாங்கி ஆடும் காலத்தின் முதல் பெரிய நட்சத்திரம் லோமுதான்.

உள்ளே இருந்த எதிரி

அதே ஆண்டின் இறுதியில் டாக்டர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள்.

"உங்கள் சிறுநீரகங்கள் பழுதாகின்றன!"

மைதானத்தில் முப்பது பேர் சேர்ந்தும் சாய்க்க முடியாத மலையை, உள்ளே இருந்த ஒரு நோய் அரித்துக்கொண்டிருந்தது. நெப்ராடிக் சின்ட்ரோம் என்று அதற்குப் பெயர்.

நம் உடம்பில் கைமுஷ்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. இரத்தத்திலுள்ள கழிவைப் பிரித்து, சிறுநீராக வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. வீட்டில் டீ வடிகட்டுகிறோம். சக்கை மேலே நிற்கிறது. டீ கீழே இறங்குகிறது. வடிகட்டி கிழிந்துவிட்டால்? சக்கையும் சேர்ந்து இறங்கிவிடும் அல்லவா? அதுபோல, இந்த நோயில் உடம்புக்கு வேண்டிய புரதச் சத்து சிறுநீரோடு ஒழுகிப் போய்விடுகிறது. முகம் வீங்கும். கால் வீங்கும். சோர்வு தள்ளும்.

லோமுவுக்குக் கடுமையான மருந்துகளைக் கொடுத்தார்கள். 1997-ல் பெரும்பகுதி அவர் ஆடவே முடியவில்லை. ஆனாலும் எழுந்து வந்தார். 1998-ல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில், ஏழு பேர் ஆடும் ரக்பியில் தங்கப் பதக்கம் வென்ற கோஷ்டியில் இருந்தார். 1999 உலகக் கோப்பையில் எட்டு டிரை எடுத்தார். இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து 15. ஆண்கள் உலகக் கோப்பையில் இந்தச் சாதனையை 2015-ல் தென் ஆப்பிரிக்காவின் பிரையன் ஹபானா சமன் செய்தார். அதை மிஞ்சியவர் இன்றுவரை இல்லை.

2000-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி. சிட்னி மைதானத்தில் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான ஜனங்கள். ஆஸ்திரேலியா 35, நியூசிலாந்து 34. ஆட்டம் முடியப்போகிறது. அப்போது பந்து லோமுவிடம் வந்தது. ஓரக் கோட்டை ஒட்டினாற்போல ஓடி டிரை எடுத்தார். 39-35! நியூசிலாந்து வென்றது.

நோயாளி ஒருவர் செய்த வேலை இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியா?

நோய் விடவில்லை. 2002 நவம்பரில் வேல்சுக்கு எதிராக ஆடியதே லோமுவின் கடைசி டெஸ்ட். மொத்தம் 63 டெஸ்டுகள், 37 டிரைகள்.

2003-ல் சிறுநீரகங்கள் அடியோடு கைவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். அதாவது, உடம்பிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்பவும் உடம்புக்குள் விடும் சிகிச்சை. அதைச் செய்தும் கால் நரம்புகள் கெட்டன. நடை தள்ளாடியது. "மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் சக்கர நாற்காலிதான்" என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

பணம் இருந்தது. புகழ் இருந்தது. ஆனால் சிறுநீரகத்தைக் கடையில் வாங்க முடியுமா?

நண்பன் வந்தான்

வெலிங்டன் நகரில் கிராண்ட் கெரீமா என்று ஒரு ரேடியோ அறிவிப்பாளர் இருந்தார். லோமுவின் நண்பர். கூடப் பிறந்தவர் அல்ல, உறவும் அல்ல. "என் சிறுநீரகம் ஒன்றை எடுத்துக்கொள்" என்று அவர் முன்வந்தார்.

2004-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி ஆபரேஷன் நடந்தது. நண்பரின் சிறுநீரகம் லோமுவின் உடம்பில் வேலை செய்யத் தொடங்கியது!

உயிர் பிழைத்ததே போதும் என்று வேறு ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். லோமு உட்காரவில்லை. மறு ஆண்டே மைதானத்தில் இறங்கினார். 2005 டிசம்பரில் வேல்சில் கார்டிப் புளூஸ் கோஷ்டிக்காக ஆடினார்; டிரையும் எடுத்தார். மாற்றுச் சிறுநீரகத்தோடு ரக்பி ஆடுவதா என்று உலகம் திகைத்தது.

ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. 2006-ல் கணுக்கால் முறிந்தது. நியூசிலாந்துக்காக மறுபடி ஆடவேண்டும் என்ற ஆசை நிறைவேறாமலே, 2007-ல் தொழில் ஆட்டத்திலிருந்து விலகினார்.

பிள்ளைகளுக்காக

பிறகு அவருக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். அவர் அவ்வளவு மருந்து சாப்பிட்டதால், குழந்தை பிறக்குமா என்றே சந்தேகம் இருந்ததாம். ஆகவே பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருந்தார்.

2011-ல் இடி மறுபடியும் விழுந்தது. நண்பர் தந்த சிறுநீரகம் ஏழு ஆண்டு உழைத்துவிட்டு ஓய்ந்தது. மீண்டும் டயாலிசிஸ். பெரிய மைதானங்களில் ஓடியவருக்கு, ஊசி குத்திக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருப்பதே வாழ்க்கையாயிற்று.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். தம் பிள்ளைகளுக்கு 21 வயது ஆகும்வரை உயிரோடு இருக்கவேண்டும்!

அந்த ஆசையும் நிறைவேறவில்லை. 2015-ம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி சமயத்தில் இங்கிலாந்துக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். நவம்பர் 18-ந் தேதி ஆக்லாந்தில் திடீரென்று காலமானார். வயது 40. பிள்ளைகளுக்கு வயது ஆறும் ஐந்தும்.

அவர் ஆடிப் புகழ் பெற்ற ஈடன் பார்க் மைதானத்தில் சவப்பெட்டியை வைத்தார்கள். அவருடைய பழைய பள்ளி மாணவர்களும், கூட ஆடிய வீரர்களும் "ஹாக்கா" என்னும் மவோரி நடனத்தை ஆடி அவருக்கு விடை கொடுத்தார்கள். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

பாட்டிக்குப் பதில்

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். வீரன் விழுந்தால் யார் சோறு போடுவார்கள்?

லோமு இறந்தபின் வெளியான செய்தி பலரைத் திடுக்கிட வைத்தது. அவ்வளவு புகழ் பெற்றவர், குடும்பத்துக்கு அதிகச் செல்வம் வைத்துவிட்டுப் போகவில்லை! அவருடைய இரு பிள்ளைகளுக்காக நியூசிலாந்து ரக்பி வீரர்கள் சங்கம் ஓர் அறநிதியை ஏற்படுத்தியது. தொழிலாளிக்குச் சங்கம் இருப்பதுபோல் ஆட்டக்காரருக்கும் சங்கம் வேண்டும் என்பதை அது காட்டியது. ஆட்டக்காரனுக்கு உடம்புதான் முதல். அந்த முதல் பத்து, பன்னிரண்டு ஆண்டுக்குமேல் நிற்காது. நோய் வந்தால் அதுகூட இல்லை.

சென்னை புல்ஸ் கோஷ்டி கோப்பையை வென்றுவிட்டது. நம் பிள்ளைகளும் இனி ரக்பியைத் தொழிலாகக் கொள்ள நினைக்கலாம். ஆடட்டும். ஆனால் கூடவே ஒரு படிப்பு, ஒரு சேமிப்பு, ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி இவையும் இருக்கட்டும்.

கொடுத்தால் பிழைக்கும்

இன்னொரு விஷயமும் இருக்கிறது. லோமுவின் கதையில் பெரிய வீரர் யார்? நான்கு பேரைத் தள்ளிவிட்டு ஓடியவரா? ஒரு சொல்லும் பேசாமல் ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்ட நண்பரா?

நம் நாட்டில் உயிரோடு இருப்பவர் சிறுநீரகம் கொடுக்க 1994-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பெற்றோர், பிள்ளைகள், உடன் பிறந்தோர், கணவன் மனைவி போன்ற நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். நண்பர் கொடுப்பதானால், அன்பினால்தான் கொடுக்கிறார், காசுக்காக அல்ல என்று அதற்கான குழு விசாரித்து அனுமதி தரவேண்டும். விலைக்கு விற்பதும் வாங்குவதும் குற்றம்.

மூளைச் சாவு அடைந்தவர்களின் உறுப்புகளையும் குடும்பத்தார் தானம் செய்யலாம். 2008 செப்டம்பரில், விபத்தில் சிக்கிய 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தானம் செய்தார்கள். அவன் இதயத்தை ஏற்றிக்கொண்டு சென்னைத் தெருக்களில் கார் பறந்ததும், ஒரு சிறுமி பிழைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படித் தானம் செய்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்து நுரைத்துப் போனால், "வெயில் சூடு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் கட்டாயம் செய்யவேண்டும்.

அடுத்த முறை ஆழ்வார்பேட்டைக்குப் போனபோது, பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். அந்த இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேரனைக் கூப்பிட்டாள்.

"டேய், நீயும் விளையாடு. நான் வேண்டாங்கல்லே. ஆனா, கூட ஒரு நல்ல சிநேகிதனைச் சம்பாதிச்சு வச்சுக்கோ!"